இரும்பு, குரல், கேமரா: பெர்லின் நொய்பௌட்டன் குழுவின் நிகழ்த்துகைகள்

1984 ஜனவரி 3ஆம் தேதி இரவு. லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனைக்குச் செல்லும் தி மால் சாலையில் உள்ள சமகாலக் கலை நிறுவனத்தில் (ஐசிஏ) ஒரு கச்சேரி நடந்தது. மேடையில் இருந்தவை சிமெண்ட் கலவை இயந்திரங்கள், கான்கிரீட் உடைக்கும் டிரில்கள், மின் ரம்பங்கள். நிகழ்ச்சியின் பெயர் 'குரலுக்கும் இயந்திரங்களுக்குமான கான்செர்ட்டோ'. சுழலும் கலவை இயந்திரத்துக்குள் கண்ணாடி பாட்டில்கள் விழுந்து நொறுங்கின. டிரில்கள் மேடையையே துளைத்தன. சுமார் இருபது நிமிடம் கடந்ததும் அரங்க நிர்வாகம் தலையிட்டு நிறுத்தியது. பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் அதை ஏற்காமல் இழுபறியில் இறங்கினார்கள், மேடை பாழானது. மேடைக்குக் கீழே அரண்மனை வரை போகும் சுரங்கப்பாதை இருக்கிறது, அதைத் தோண்டி எட்டத்தான் அவர்கள் வந்தார்கள் என்ற வதந்தி இன்றும் சொல்லப்படுகிறது.

மேடையில் இருந்தவர்களில் முக்கியமானவர்கள் மேற்கு பெர்லினின் 'ஐன்ஸ்டூர்ட்செண்டே நொய்பௌட்டன்' குழுவைச் சேர்ந்தவர்கள். ஃபிராங்க் டோவி, ஜெனெசிஸ் பி-ஆரிட்ஜ் முதலிய ஆங்கிலேயக் கலைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். குழுவின் ஜெர்மன் பெயருக்கு 'இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்' என்று பொருள். அந்த இரவை ரகளை என்று ஒதுக்கியவர்களும் உண்டு, புரட்சி என்று கொண்டாடியவர்களும் உண்டு. இரு தரப்பும் கவனிக்கத் தவறிய கேள்வி ஒன்று இருக்கிறது. கட்டுமானப் பொருளும் மனிதக் குரலும் ஒளிப்பதிவும் ஒரே நிகழ்த்துகையில் சேரும்போது ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது? நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய இந்தக் குழுவின் வரலாறு அதற்குத் தெளிவான பதிலைத் தருகிறது. பொருள் தன் எடையையும் விலையையும் ஆபத்தையும் இழக்காமல் மேடைக்கு வரும்போதுதான் இக்கலை நிற்கிறது. அவற்றை இழந்தால் அது மேடை அலங்காரமாகிவிடுகிறது.

முன்னோடிகள்

ஓசையைக் கலையாக்கும் எண்ணம் இவர்களுடன் பிறந்ததல்ல. இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ 1913இல் 'ஓசைகளின் கலை' என்ற அறிக்கையை எழுதி, உறுமலும் சீறலும் எழுப்பும் பெட்டிகளைச் செய்தார். 1922 நவம்பர் 7 அன்று பாக்கூ நகரில் ஆர்செனி அவ்ராமோவ் ஆலைச் சங்குகளையும் கப்பல் ஊதல்களையும் பீரங்கிகளையும் கொண்டு ஒரு சிம்பொனி நடத்தினார். 1948இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் ரயில் ஓசைகளைப் பதிவுசெய்து, அவற்றைக் கொண்டே ஓர் இசைப்படைப்பை உருவாக்கினார்.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது 1958 பிரஸ்ஸல்ஸ் உலகப் பொருட்காட்சியின் ஃபிலிப்ஸ் அரங்கு. லெ கொர்பூசியே தலைமையில் யானிஸ் ஸெனாகிஸ் வடிவமைத்த கான்கிரீட் கூடாரம் அது. வளைந்த உட்சுவர்களில் படங்கள் வீசப்பட, நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகள் வழியே எட்கார் வரேஸின் எட்டு நிமிட இசை சுற்றி ஓடியது. அந்த இசையில் மனிதக் குரலும் உண்டு. கட்டடம், குரல், படம் மூன்றும் அங்கே சேர்ந்தன என்றாலும் கட்டடம் அங்கே திரையாகவும் ஒலிபெருக்கித் தாங்கியாகவும்தான் இருந்தது. அதை யாரும் தட்டவில்லை. உயிருள்ள கலைஞர் ஒருவரும் உள்ளே இல்லை. பொருட்காட்சி முடிந்ததும் 1959இல் அதை இடித்துவிட்டார்கள்.

நகரம் தந்த கருவிகள்

நொய்பௌட்டனின் முதல் நிகழ்ச்சி 1980 ஏப்ரல் 1 அன்று மேற்கு பெர்லினில் 'மூன்' என்ற கிளப்பில் நடந்தது. ப்ளிக்ஸா பார்கெல்ட், என்.யு. உன்ரூ, குட்ருன் குட், பெயாட்டெ பார்டெல் என நால்வர். பெண்கள் இருவரும் விரைவிலேயே தங்கள் குழுக்களுக்குப் போய்விட்டார்கள். பிறகு அலெக்சாண்டர் ஹாக்கே, ஹாம்புர்க்கிலிருந்து எஃப்.எம். ஐன்ஹைட், மார்க் சுங் ஆகியோர் வந்து சேர்ந்தனர்.

அன்றைய மேற்கு பெர்லின் 1961 முதல் சுவரால் சூழப்பட்டிருந்த நகரம். போரில் குண்டு விழுந்த மனைகள் பல இன்னும் காலியாகக் கிடந்தன. அங்கே குடியிருந்த இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை கிடையாது, வாடகையும் குறைவு. பாழடைந்த பழைய வீடுகளைப் பிடித்துக் குடியேறியவர்களுக்கும் அவற்றை இடித்துப் புதுக் கட்டடம் எழுப்ப நினைத்த நிர்வாகத்துக்கும் இடையே ஓயாத மோதல் நடந்தது. போருக்குப் பின் அவசரமாக எழுப்பப்பட்ட புதுக் கட்டடங்கள் மீது இளைஞர்களுக்கு மதிப்பு இல்லை. குழுவின் பெயர் இந்தச் சூழலில் பிறந்தது.

முதல் நிகழ்ச்சி முடிந்து ஏழு வாரம் கழித்து, 1980 மே 21 அன்று, பெர்லின் காங்கிரஸ் மண்டபக் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 1957இல் கட்டடக் கண்காட்சி ஒன்றுக்காக அமெரிக்காவின் பங்களிப்பாக ஹியூ ஸ்டபின்ஸ் வடிவமைத்த மண்டபம் அது. சிப்பி போன்ற வளைகூரைக்காக உலகப் புகழ் பெற்றிருந்தது. கான்கிரீட்டுக்குள் இழுத்துக் கட்டப்பட்டிருந்த எஃகுக் கம்பிகள் அரித்துப்போனதே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. பத்திரிகையாளர் ஒருவர் உயிரிழந்தார். கேலியாக வைத்த பெயர் செய்தித்தாளின் தலைப்பாக மாறிவிட்டது. மண்டபத்தைத் திரும்பக் கட்டி 1987இல் திறந்தார்கள். இன்று அது உலகப் பண்பாடுகளின் இல்லம்.

கருவிகள் வந்த வழி சாதாரணமானது. கைச்செலவுக்காக உன்ரூ தன் டிரம் செட்டை விற்றுவிட்டார், அதற்குப் பதிலாகக் கட்டுமான இடங்களிலும் குப்பை மேடுகளிலும் கிடைத்த இரும்பைத் தட்டத் தொடங்கினார் என்பது குழுவே சொல்லிவரும் கதை. 1980 ஜூனில் பார்கெல்டும் உன்ரூவும் நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் உட்குழிவுக்குள் புகுந்து வாசித்துப் பதிவுசெய்தார்கள். மேலே வண்டிகள் ஓட, உள்ளே இரும்பை அடித்தார்கள். அந்த ஒலிநாடாவுக்கு 'ஸ்டால்மியூசிக்', அதாவது எஃகு இசை, என்று பெயர் வைத்தார்கள். கட்டடம் அன்றே கருவியின் பாதியாகிவிட்டது. முதல் ஆல்பமான 'கொலாப்ஸ்' 1981இல் வந்தது.

தகடும் சுருளும் குழாயும்

இந்தப் பொருள்கள் ஒலிக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். இறுக்கிக் கட்டிய தந்தி அதிரும்போது அதன் மேல்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் இரு மடங்கு, மும்மடங்கு என்று ஒழுங்காக அமைகின்றன. அதனால்தான் காது ஒரு சுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரும்புத் தகட்டில் அந்த ஒழுங்கு இல்லை. வளைந்து வளைந்து அதிரும் தகட்டின் அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நெருக்கியடித்து நிற்கும். எனவே அதில் ராகம் பாட முடியாது, தாளமும் ஒலியின் நிறமும்தான் எடுக்க முடியும். மெல்லிசை கேட்டுப் பழகிய காது அதை 'சத்தம்' என்று தள்ளிவிடுவதற்குக் காரணம் இதுவே.

ஸ்பிரிங் வேறு வகை. கனத்த எஃகு ஸ்பிரிங் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன்மேல் ஒட்டுமைக் வைத்துத் தட்டினால் அதிர்வு சுருள் வழியே மேலும் கீழும் ஓடித் திரும்புகிறது. ஒட்டுமைக் காற்றில் வரும் ஒலியை எடுப்பதில்லை, பொருளின் நடுக்கத்தையே எடுக்கிறது. வெறும் காதுக்கு 'டங்' என்று மட்டும் கேட்டது, ஒலிபெருக்கியில் அடிவயிற்றைத் தொடும் முழக்கமாக மாறுகிறது. எத்தனையோ பாடல்களில் கேட்பவர்கள் பேஸ் கிட்டார் என்று நினைத்த ஒலி இந்த ஸ்பிரிங்கிலிருந்து வந்ததுதான்.

பிவிசி குழாய் மட்டும் சுரம் தரக்கூடியது. ஒரு மீட்டர் நீளக் குழாயின் இரு வாயும் திறந்திருந்தால் உள்ளிருக்கும் காற்று நொடிக்கு ஏறத்தாழ 170 முறை அதிரும். ஒரு வாயைத் தட்டையான மட்டையால் அடித்து மூடினால் 85 முறை, அதாவது ஒரு ஸ்தாயி கீழே. குழாயை வெட்டி நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறும். தண்ணீர்க் குழாய்க் கடையில் வாங்கிய பொருளிலிருந்து இப்படி ஓர் அடுக்கையே அமைத்துவிடலாம், அதைத்தான் செய்தார்கள்.

குரல் செய்யும் வேலை

இரும்புக்கு நடுவே பார்கெல்டின் குரல் இரண்டு எல்லைகளில் இயங்குகிறது. ஒன்று, கூர்மையாக எழும் நீண்ட கிறீச்சல். எந்தத் தகட்டின் ஒலியையும் கிழித்துக்கொண்டு மேலே வரும். மற்றது, காதருகே பேசுவது போன்ற முணுமுணுப்பு. 1985இல் வந்த 'ஹால்பர் மென்ஷ்' ஆல்பத்தின் தலைப்புப் பாடலில் கருவியே இல்லை, குழுக்குரல் மட்டும்தான். 2000ஆம் ஆண்டின் 'சைலன்ஸ் இஸ் செக்ஸி' பாடலில் நீண்ட மௌனங்களுக்கு இடையே சிகரெட் இழுக்கும் மெல்லிய ஓசை கேட்கிறது. ஆரம்பத்தில் சத்தத்தால் அறியப்பட்ட குழு, இருபது ஆண்டுகளில் மௌனத்தையும் கட்டுமானப் பொருளாகக் கையாளக் கற்றுக்கொண்டது.

நாடகாசிரியர் ஹைனர் மியூல்லர் இந்தக் குரலை நன்கு புரிந்துகொண்டவர். அவருடைய 'ஹாம்லெட் இயந்திரம்' நாடகத்தின் வானொலி வடிவத்துக்கு இவர்கள் இசையமைத்தார்கள். சுவர் திறந்து ஆறு வாரம் ஆகியிருந்தபோது, 1989 டிசம்பர் 21 அன்று, குழு முதன்முறையாகக் கிழக்கு பெர்லினில் மேடையேறியதற்கும் அவர் துணைநின்றார். அரசுக்குச் சொந்தமான எலெக்ட்ரோகோலே ஆலையின் அரங்கில் அது நடந்தது. பல ஆண்டுகளாகக் கள்ள ஒலிநாடாக்களில் மட்டும் கேட்டுவந்தவர்கள் முன், ஓர் ஆலைக்குள் இரும்பு அடிக்கப்பட்டது.

கேமரா: பதிவாளர், பாலம், சாட்சி

இந்த வரலாற்றில் ஒளிப்பதிவின் பங்கு படிப்படியாக மாறிவந்திருக்கிறது. 1985இல் ஜப்பான் சென்றிருந்தபோது இயக்குநர் சோகோ இஷீ இவர்களை டோக்கியோவின் பழைய இரும்பாலை ஒன்றில் படமெடுத்தார். சுமார் ஒரு மணி நேரம் ஓடும் அந்த 'ஹால்பர் மென்ஷ்' படத்தில் புத்தோ நடனக் கலைஞர்களும் வருகிறார்கள். அதில் கேமரா தகட்டின் பொறியையும் நடனக்காரரின் வெளுத்த உடம்பையும் ஒரே பார்வையால் அணுகுகிறது. பார்ப்பவருக்கு ஒலி எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடுகிறது. இந்த வகை இசைக்கு அது சிறிய விஷயமல்ல. ஆல்பத்தில் மட்டும் கேட்டால் ஸ்பிரிங் ஒரு மர்ம ஒலி; படத்தில் அது ஒரு மனிதன் உடம்பை வளைத்து அடிக்கும் பொருள்.

2002இல் குழு இசை நிறுவனத்தை நம்பாமல் ஆதரவாளர்களிடமே முன்பணம் வாங்கிப் பாடல்களை உருவாக்கும் முறையைத் தொடங்கியது. அந்த அமைப்பை வடிவமைத்தவர் எரின் ஜூ. ஒத்திகைக் கூடத்தில் கேமராக்கள் வைத்து இணையம் வழியே நேரலையாகக் காட்டினார்கள். தொலைவிலிருந்து பார்த்தவர்கள் அப்போதே கருத்துச் சொன்னார்கள். கூட்டுநிதி என்ற பழக்கம் இசை உலகில் பரவுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது நடந்தது. கேமரா இப்போது பதிவுக்கருவி என்ற நிலையைத் தாண்டி, செய்பவரையும் பார்ப்பவரையும் இணைக்கும் பாலமாகிவிட்டது.

இடிக்கப்படவிருந்த மாளிகையில்

இந்த ஆதரவாளர்களைக் கொண்டு குழு செய்த மிகப் பெரிய காரியம் 2004 நவம்பர் 4 அன்று நடந்தது. இடம், பெர்லினின் மையத்தில் இருந்த 'பலாஸ்ட் டெர் ரெபுப்ளிக்', குடியரசு மாளிகை. அந்த மனையின் கதையைச் சொல்லாமல் நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள முடியாது. பிரஷ்ய மன்னர்களின் அரண்மனை அங்கே இருந்தது. போரில் சேதமடைந்த அதைக் கிழக்கு ஜெர்மன் அரசு 1950இல் வெடிவைத்துத் தகர்த்தது. 1976இல் அதே இடத்தில் குடியரசு மாளிகை திறக்கப்பட்டது. மக்களவையும் பெரிய கலையரங்கும் உணவகங்களும் அதற்குள் இருந்தன. 1990இல் கல்நார் கலந்த பூச்சு காரணமாக மூடப்பட்டது. கல்நாரை அகற்றுவதற்காக உட்புறத்தை உரித்தெடுத்த பிறகு எஃகுச் சட்டகமும் கான்கிரீட் தளங்களும்தான் மிஞ்சின. அதை இடித்துவிட்டுப் பழைய அரண்மனையின் முகப்பைத் திரும்ப எழுப்புவதற்கு ஜெர்மன் நாடாளுமன்றம் 2002இல் ஆதரவு தெரிவித்தது. 2004இல் அந்தக் கூட்டைக் கலைநிகழ்ச்சிகளுக்குத் தற்காலிகமாகத் திறந்துவிட்டார்கள்.

அந்த எலும்புக்கூட்டுக்குள் குழு மேடையேறியது. ஆதரவாளர்களிலிருந்து திரண்ட சுமார் நூறு பேர் குழுக்குரலாக நின்றார்கள். உரிக்கப்பட்ட கான்கிரீட்டும் எஃகும் ஒலியை உறிஞ்சுவதில்லை, எறிந்ததைத் திருப்பி எறிகின்றன. அந்த அரங்கில் பாடிய குரல் கட்டடத்தின் பதிலோடு சேர்ந்துதான் காதுக்கு வந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் பாலத்தின் வயிற்றுக்குள் இருவர் செய்ததை இங்கே நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செய்தார்கள். கட்டடத்தை வைத்திருப்பதா இடிப்பதா என்ற சண்டை அப்போது நகரில் உச்சத்தில் இருந்தது. குழுவுக்கு அதில் எந்தப் பக்கத்துக்கும் கோஷம் எழுப்பத் தேவைப்படவில்லை. கட்டடத்தை ஒலிக்கவிட்டதே போதுமானதாக இருந்தது.

நிகழ்ச்சி முழுமையாக ஒளிப்பதிவு செய்யப்பட்டு 2006இல் டிவிடியாக வெளிவந்தது. அதே ஆண்டு மாளிகையை இடிக்கும் வேலையும் தொடங்கியது. 2008 இறுதிக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. அங்கே கழற்றிய எஃகில் ஒரு பகுதி துபாயின் புர்ஜ் கலீஃபா கட்டுமானத்துக்குப் போனதாகச் செய்திகள் வந்தன. இன்று அந்த மனையில் பழைய அரண்மனை முகப்புடன் ஹும்போல்ட் மன்றம் நிற்கிறது. குடியரசு மாளிகையின் கடைசிக்கால ஒலியைக் கேட்க விரும்புகிறவர் அந்தப் படத்தைத்தான் நாட வேண்டும். கேமரா இங்கே சாட்சியாகிவிட்டது.

ஒரு நாளுக்கு ஓர் அடி

பத்து ஆண்டுகள் கழித்து, முதல் உலகப் போரின் நூற்றாண்டையொட்டி பெல்ஜியத்தின் டிக்ஸ்மைடே நகரம் ஒரு படைப்பைக் கேட்டது. 2014 நவம்பர் 8 அன்று 'லமென்ட்' அங்கே அரங்கேறியது. அதில் ஒரு பகுதி முழுக்க பிவிசி குழாய்களால் ஆனது. ஒவ்வொரு குழாயும் ஒரு நாடு, ஒவ்வோர் அடியும் போரின் ஒரு நாள். நிமிடத்துக்கு 120 அடி. ஒரு நாடு போரில் நுழையும்போது அதன் குழாய் சேர்ந்துகொள்கிறது, விலகும்போது நின்றுவிடுகிறது. குரல்கள் நாடுகளின் பெயர்களை அறிவிக்கின்றன.

1914 ஜூலை 28 முதல் 1918 நவம்பர் 11 வரை 1568 நாள்கள். அரை நொடிக்கு ஓர் அடி என்றால் பதின்மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தைச் சுட்ட 1914 செப்டம்பர் 22 இந்தக் கணக்கில் 57ஆவது அடி. தொடங்கி அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அமெரிக்கா நுழைவதற்கு எட்டு நிமிடம் கடந்துவிடுகிறது. புத்தகத்தில் ஒரு பக்கத்தில் கடந்துபோகும் கால அளவை உடம்பு இங்கே நின்று அனுபவிக்க வேண்டியிருக்கிறது. போரின் கொடுமையைக் காட்ட வெடிச்சத்தமோ அழுகையோ தேவைப்படவில்லை. மலிவான பிளாஸ்டிக் குழாயும் நிதானமான எண்ணிக்கையும் போதுமாக இருந்தன.

இரண்டு மறுப்புகள்

இந்தக் கலை மீது வைக்கப்பட வேண்டிய கேள்விகள் உண்டு. கான்கிரீட் உடைக்கும் டிரில்லின் ஓசை நூறு டெசிபல் அளவைச் சாதாரணமாக எட்டும். அமெரிக்கத் தொழில்நலப் பரிந்துரைப்படி 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம், 100 டெசிபலைப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வெறும் காதோடு கேட்கக் கூடாது. ஐசிஏ மேடையில் சுமார் இருபது நிமிடம் நடந்தது, கட்டுமானத் தொழிலாளிக்கு நாள் முழுவதும் நடக்கிறது. அவருடைய செவிட்டுத்தன்மைக்குக் கலை என்ற பெயர் கிடைப்பதில்லை. இவர்களின் மேடையில் தொழிலாளியின் கருவி வந்தது, தொழிலாளி வரவில்லை. இந்தக் குறை இன்றுவரை அப்படியே இருக்கிறது.

இரண்டாவது, மறுநிகழ்த்தல் பற்றியது. 2007 பிப்ரவரியில் கலைஞர் ஜோ மிட்செல் அதே ஐசிஏயில் 1984 கான்செர்ட்டோவைத் திரும்ப நடத்தினார். நேரில் கண்டவர்களின் நினைவுகளையும் கிடைத்த பதிவுகளையும் கொண்டு, நடிகர்களை வைத்து, கலவரத்தையும் சேர்த்து அமைத்தார். ஆய்வுமுறை என்ற அளவில் அது பாராட்டத்தக்கது. ஆனால் எப்போது நிற்கும், யார் மேலே ஏறுவார் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. டிரில் தரையைத் துளைத்தது, அனுமதியோடு துளைத்தது. பொருள் அதே பொருள்தான், அதன் ஆபத்து மட்டும் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

ஐசிஏ இரவையும் பெர்லின் மாளிகை இரவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு இரண்டாவதற்கே. முதலாவதில் பொருள் ஆயுதமாக இருந்தது. குரல் அதில் மூழ்கிப்போனது. நடந்தது என்ன என்பதை வதந்தியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவதில் இரும்பும் குரலும் கேமராவும் தத்தம் வேலையைச் செய்தன. ஒரு நகரம் தன் கட்டடத்தை எப்படி மறக்கிறது என்பதற்கு ஆதாரமும் மிஞ்சியது. இத்தகைய நிகழ்த்துகையில் இறங்குகிறவர்கள் ஒளிப்பதிவைக் கடைசி நேரச் சேர்க்கையாகக் கருதாமல் முதல் ஒத்திகையிலிருந்தே படைப்பின் அங்கமாகத் திட்டமிட வேண்டும். எந்தப் பொருளை எடுக்கிறோமோ அதை அன்றாடம் கையாளும் தொழிலாளிக்கும் மேடையில் ஓர் இடம் தர வேண்டும். இந்தத் துறையில் அடுத்து நடக்க வேண்டிய வேலை அதுதான்.